உங்கள் டிஷ் பார்க்கிற சாட்டிலைட் மோதிக்கொள்ளுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மதுரையில் டிஷ் ஆன்டெனா மாட்டுகிறவன். பதினெட்டு வருஷமாக இந்த ஊர் மொட்டை மாடிகள்தான் என் ஆபீஸ். ஸ்பானரும் சிக்னல் மீட்டருமாக நிற்கும்போது வீட்டில் யாராவது பக்கத்தில் வந்து, அண்ணாந்து பார்த்து ஒரு கேள்வி போடுவார்கள். முன்பெல்லாம் "எத்தனை சேனல் வரும்?" என்பதோடு சரி. ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியின் ஸ்டார்லிங்க் இன்டர்நெட் சாட்டிலைட்டுகள் சாயங்கால வானத்தில் ரயில் மாதிரி வரிசையாகப் போவதைப் பார்த்த பிறகு கேள்வி மாறிவிட்டது. "அண்ணே, இத்தனை பறக்குதே, ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்காதா?"

பதில் சொல்வதற்காகவே படிக்க ஆரம்பித்தேன். அடிக்கடி வந்த கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மழை பெய்தால் படம் போய்விடுகிறது. மேலே ஏதாவது மோதிவிட்டதா?

இல்லை. மழைத்துளி சிக்னலைக் குடித்துவிடுகிறது, அவ்வளவுதான். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள் ஒரே நேரத்தில் சில நிமிஷம் படம் போகும். அப்போது சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. அந்த வாரம் எனக்கு வரும் போன்களில் பாதிக்கு, "பத்து நிமிஷம் பொறுங்கம்மா" என்பதே ரிப்பேர்.

என் டிஷ் பார்க்கும் சாட்டிலைட்டும், வானத்தில் ஓடுகிற சாட்டிலைட்டும் ஒன்றுதானா?

இல்லை. ஓடுவது தெரிந்தால் அது உங்கள் டிவி சாட்டிலைட் இல்லை. டிவி சாட்டிலைட் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 24 மணி நேரம் ஆவதால், பூமியோடு சேர்ந்தே சுற்றி நமக்கு அசையாத மாதிரி தெரிகிறது. அதனால்தான் ஒரு முறை நட்டு முறுக்கிவிட்டால் டிஷ்ஷைத் திருப்பவே வேண்டியதில்லை. வெறும் கண்ணுக்கு அது தெரியவும் தெரியாது.

கண்ணுக்குத் தெரிந்து ஓடுகிறவை தாழ்வட்டப் பாதையில் இருப்பவை. சர்வதேச விண்வெளி நிலையம் 400 கி.மீ. சொச்சத்தில், ஸ்டார்லிங்க் 550 கி.மீ. பக்கத்தில், பூமியைப் படம் எடுக்கும் சாட்டிலைட்டுகள் பெரும்பாலும் 500 முதல் 800 கி.மீ.க்குள். இவை ஒன்றரை மணி நேரத்தில் உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிடும். நடுவில் 20,200 கி.மீ. உயரத்தில் ஜிபிஎஸ்.

மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றைச் சுற்றி ஒன்று போகிறதல்லவா? அந்த மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வெளி வீதியில் போகிற ஆட்டோ சித்திரை வீதியில் போகிற சைக்கிளை இடிக்காது. டிவி சாட்டிலைட்டும் ஸ்டார்லிங்க்கும் அப்படித்தான், ஒன்றையொன்று சந்திக்க வழியே இல்லை.

ஆனால் சந்து என்று ஒன்று இருக்கிறதே. டிவி சாட்டிலைட்டை மேலே கொண்டுபோகும் ராக்கெட், நேராக 36,000 கி.மீ.யில் இறக்கிவிடுவதில்லை. கீழே சில நூறு கி.மீ.யில் தொடங்கி மேலே 36,000 வரை நீளும் ஒரு நீள்வட்டப் பாதையில்தான் பெரும்பாலும் விடும். சாட்டிலைட் தன் எஞ்சினால் மேலே ஏறிப் போய்விடும். காலியான ராக்கெட் பாகம் மட்டும் அந்த நீள்வட்டத்திலேயே மேலும் கீழும் போய் வரும், எல்லா வீதியையும் குறுக்கே வெட்டிக்கொண்டு.

வேறு வேறு பாதையில்தானே போகின்றன, அப்புறம் எப்படி மோதும்?

இதுதான் கேள்வி. செல்லூரில் ஒரு வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பாப்பா இதைக் கேட்டது. வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. சமையலறையிலிருந்து ஒரு சாத்துக்குடி எடுத்து வரச் சொன்னேன். கேபிள் சுருளில் போட்டிருந்த ரெண்டு ரப்பர் பேண்டை உருவி, பழத்தின் பெருத்த வயிற்றைச் சுற்றி ஒன்றை நேராகவும் இன்னொன்றைச் சாய்வாகவும் மாட்டினேன்.

"ரெண்டும் தொடாம மாட்டிக் காட்டு பார்ப்போம்" என்றேன்.

அது நகர்த்திப் பார்த்தது, சாய்த்துப் பார்த்தது. முடியவில்லை. எப்படிச் சாய்த்தாலும் ரெண்டு பேண்டும் இந்தப் பக்கம் ஓரிடத்திலும் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஓரிடத்திலும் வெட்டிக்கொண்டே தீரும். ஏனென்றால் எந்தச் சாட்டிலைட்டும் பூமியின் மையத்தைச் சுற்றித்தான் போக முடியும். மதுரைக்கு மேலே மட்டும், அல்லது வடக்குப் பக்கம் மட்டும் சுற்றும் பாதை என்று ஒன்று கிடையாது. ஒரே உயரத்தில் சாய்வு மாறிய ரெண்டு பாதை இருந்தால், ரெண்டு நாற்சந்தி நிச்சயம். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 15 சுற்று என்றால், ஒரு சாட்டிலைட் இன்னொன்றின் பாதையை 30 தடவை குறுக்கே கடக்கிறது. அந்த நாற்சந்தியில் சிக்னல் விளக்கும் கிடையாது, போலீஸும் கிடையாது.

பாப்பா விடவில்லை. "ஒரு பேண்டு கொஞ்சம் லூசா இருந்தா தொடாதே மாமா?" சரியான பேச்சு. உயரம் மாறினால் வெட்டிக்கொள்ளாது. ஆனால் நிஜப் பாதைகள் சரியான வட்டம் இல்லை. ஒரு பக்கம் பூமியை ஒட்டியும் மறுபக்கம் சற்றுத் தள்ளியும் போகும். அதோடு, பூமி நடுவில் லேசாகத் தொப்பை போட்டிருப்பதால் அந்தப் பாதைகள் நாளுக்கு நாள் மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு 20 கி.மீ. மேலே கடந்துபோனது, சில வாரம் கழித்து அதே உயரத்தில் கடக்கலாம்.

சேர்ந்து போகிறவர்கள் இடித்துக்கொள்வது அபூர்வம், குறுக்கே வருகிறவனோடுதான் வம்பு. ஒரே பாதையில் வரிசையாகப் போகும் ஸ்டார்லிங்க் ரயிலைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அவை ஒன்றுக்கொன்று ஒரே திசையில், ஒரே வேகத்தில் போகின்றன. தேருக்கு முன்னும் பின்னும் நடக்கிற கூட்டம் மாதிரி. பயப்பட வேண்டியது சாய்வு மாறி வருகிறவற்றுக்கு.

குறுக்கே வந்தால் எவ்வளவு வேகம்?

தாழ்வட்டப் பாதையில் ஒரு சாட்டிலைட் வினாடிக்கு ஏறத்தாழ 7.6 கி.மீ. போகிறது. திருப்பரங்குன்றத்திலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு வினாடி. மதுரையிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் ஒரு நிமிஷம்கூட ஆகாது. ரெண்டு பாதை செங்குத்தாக வெட்டினால் மோதும் வேகம் வினாடிக்கு 10 கி.மீ.க்கு மேல், எதிரும் புதிருமாக வந்தால் 15 கி.மீ. இந்த வேகத்தில் எதிரே வருவதைக் கேமராவில் பார்த்து ஒதுங்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஐந்து மீட்டர் நீளமுள்ள சாட்டிலைட் அந்த நாற்சந்தியைக் கடக்க ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட எடுக்காது. மற்றதும் மிகச் சரியாக அதே கணத்தில் வர வேண்டும். அதனால்தான் இத்தனை இருந்தும் பெரிய மோதல் அபூர்வம்.

உண்மையிலேயே மோதியிருக்கின்றனவா?

மோதியிருக்கின்றன. 2009 பிப்ரவரி 10, செவ்வாய்க்கிழமை. நம் நேரப்படி இரவு 10:26. மதுரையில் பரோட்டாக் கடைகளில் சால்னா கொதித்துக்கொண்டிருந்த நேரம். சைபீரியாவுக்கு மேலே 789 கி.மீ. உயரத்தில் ரெண்டு முழுச் சாட்டிலைட்டுகள் மோதின. ஒன்று இரிடியம் 33, அமெரிக்கக் கம்பெனிக்குச் சொந்தமான, வேலை செய்துகொண்டிருந்த போன் சாட்டிலைட், 560 கிலோ. மற்றது காஸ்மோஸ் 2251, 1993-இல் ரஷ்யா ஏவியது, ஏறத்தாழ 900 கிலோ, செயலிழந்து பல வருஷம் ஆகியிருந்தது.

சாத்துக்குடியை நினைத்துக்கொள்ளுங்கள். நிலநடுக்கோட்டிலிருந்து அளந்தால் இரிடியம் பாதையின் சாய்வு 86 டிகிரி, காஸ்மோஸ் பாதையின் சாய்வு 74 டிகிரி. கேட்டால் பக்கத்துப் பக்கத்து எண் மாதிரி இருக்கிறது. ஆனால் அந்தப் பேண்டுகள் உலகத்தைச் சுற்றி வேறு வேறு பக்கம் திரும்பியிருந்ததால், சந்தித்த இடத்தில் ஏறத்தாழ செங்குத்தாக வெட்டிக்கொண்டன. மோதிய வேகம் வினாடிக்கு 11.7 கி.மீ. ரேடாரில் பின்தொடரக்கூடிய அளவுக்குப் பெரிய துண்டுகள் மட்டும் ஏறத்தாழ 2,000 கிளம்பின. இன்னும் ஒரு பகுதி மேலேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அதற்கு முன்பே 1996 ஜூலையில் செரீஸ் என்ற பிரெஞ்சுச் சாட்டிலைட்டின் நீண்ட கம்பியை, பழைய ஏரியான் ராக்கெட்டின் ஒரு துண்டு வெட்டிவிட்டுப் போனது. பட்டியலில் பெயர் போட்டு வைத்திருந்த ரெண்டு பொருள்கள் எதேச்சையாக மோதியதாகத் தெரிய வந்த முதல் சம்பவம் அதுதான்.

2009 மோதலை முன்கூட்டியே கணக்குப் போட முடியவில்லையா?

போட்டார்கள். பொதுவில் கிடைத்த கணக்கு, அந்த ரெண்டும் 584 மீட்டர் தள்ளிக் கடக்கும் என்று சொன்னது. அதைவிட நெருக்கமாகக் கடக்கும் ஜோடிகள் அந்தப் பட்டியலில் நிறைய இருந்தன. அதனால் யாரும் இதைத் தனியாகக் கவனிக்கவில்லை. அந்தக் கணக்கின் பிழையே கிலோமீட்டர் அளவில் இருக்கும்போது 584 மீட்டர் என்பது ஆறுதலா, எச்சரிக்கையா?

இது என் தொழிலில் இருக்கிறவனுக்குச் சட்டென்று புரியும். மீட்டரில் சிக்னல் வந்துவிட்டது என்பதற்காக டிஷ் சரியாக நிற்கிறது என்று அர்த்தமில்லை. எவ்வளவு ஆட்டம் கொடுத்தால் போய்விடும் என்றும் பார்க்க வேண்டும். மேலேயும் அதே கதைதான். சாட்டிலைட் "இங்கே இருக்கிறது" என்று யாரும் புள்ளி வைப்பதில்லை. "இந்த முட்டை வடிவப் பெட்டிக்குள் எங்கேயோ இருக்கிறது" என்றுதான் சொல்கிறார்கள். ரேடார் பார்த்து எத்தனை மணி நேரம் ஆயிற்று, மேலே காற்று எவ்வளவு தடுத்தது என்பதைப் பொறுத்து அந்தப் பெட்டி பெருக்கும் அல்லது சிறுக்கும். ரெண்டு பெட்டியும் ஒன்றோடொன்று உரசினால், மோத எத்தனையில் ஒரு பங்கு வாய்ப்பு என்று கணக்கிடுகிறார்கள். பொதுவாக 10,000-இல் ஒன்றுக்கு மேல் போனால் நகர்த்துவதா வேண்டாமா என்று உட்கார்ந்து பேச ஆரம்பிப்பார்கள்.

10,000-இல் ஒன்றுக்கா இவ்வளவு கவலை என்று ஒரு பெரியவர் கேட்டார். ஒரு தடவை என்றால் கவலை இல்லைதான். கல்யாண வீட்டில் பத்துப் பேர் ஒருவருக்கொருவர் வணக்கம் வைத்துக்கொண்டால் 45 வணக்கம். நூறு பேர் என்றால் 450 இல்லை, 4,950. மேலே இருக்கிற எண்ணிக்கை பத்து மடங்கு கூடினால் சந்திக்கும் ஜோடிகள் நூறு மடங்கு கூடும்.

மோதப்போகிறது என்று தெரிந்தால் என்ன செய்வார்கள்?

எரிபொருளும் உயிரும் உள்ள சாட்டிலைட் என்றால் லேசாகத் தட்டிவிடுவார்கள். எவ்வளவு லேசாக என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வேகத்தை வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் கூட்டினால் போதும், எறும்பு ஊர்கிற வேகம். ஒரு நாள் கழித்து அந்தச் சாட்டிலைட் இருந்திருக்க வேண்டிய இடத்திலிருந்து ஏறத்தாழ இரண்டரை கி.மீ. தள்ளி இருக்கும். முன்கூட்டித் தெரிந்தால் எறும்பு போதும், கடைசி நிமிஷத்தில் தெரிந்தால் யானை இழுத்தாலும் நடக்காது.

இஸ்ரோவுக்கு இதற்கென்றே பெங்களூரில் ஒரு கட்டுப்பாட்டு மையம் 2022-இல் திறந்தார்கள். 2023-இல் மட்டும் நம் சாட்டிலைட்டுகளை 23 தடவை இப்படி ஒதுக்கினார்கள். அந்த வருஷம் சந்திரயான்-3 கிளம்பும் நேரத்தையே 4 வினாடி தள்ளி வைத்தார்கள். உலகமே நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வழியில் குறுக்கே வரும் ஏதோ ஒன்றுக்காக 4 வினாடி காத்திருந்தார்கள். எனக்கு அந்த 4 வினாடிதான் மறக்கவில்லை.

நிலாவிலும் இந்தக் கதை உண்டு. 2021 அக்டோபரில் சந்திரயான்-2 சுற்றுகலமும் அமெரிக்காவின் எல்ஆர்ஓ கலமும் நிலாவின் வடதுருவத்துக்கு மேலே ரொம்ப நெருங்கப் போவதாகக் கணக்கு வந்தது. ரெண்டும் துருவம் வழியாகப் போகும் பாதைகள், துருவத்தில் வெட்டித்தானே ஆக வேண்டும்? ரெண்டு தரப்பும் பேசி, நம் கலத்தை நகர்த்தினார்கள்.

பேசுவது எப்போதும் இவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை. 2019 செப்டம்பரில் ஐரோப்பாவின் ஏயோலஸ் சாட்டிலைட்டும் ஒரு ஸ்டார்லிங்க்கும் நெருங்கின. வாய்ப்பு கூடிவிட்டது என்று சொன்ன தகவல், ஸ்பேஸ்எக்ஸ் பக்கத்தில் அழைப்பு மென்பொருளில் இருந்த பிழையால் உரியவர் கண்ணில் படவில்லை. ஐரோப்பியர்கள் தாங்களே நகர்த்திக்கொண்டார்கள். யாருக்கு முதலில் வழிவிட வேண்டும் என்று விண்வெளியில் எழுதி வைத்த சாலை விதி இல்லை.

செத்த சாட்டிலைட் என்றால்? ஒன்றும் செய்ய முடியாது. ரெண்டுமே செத்தவை என்றால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஐரோப்பாவின் என்விசாட் 8 டன் எடை, 2012-இல் பேச்சை நிறுத்தியது, 770 கி.மீ. பக்கத்தில் இன்னும் சுற்றுகிறது. எனக்கு ஸ்டார்லிங்க் ஆயிரத்தைவிட இந்த ஒன்று பெரிய கவலை.

ஒரு சென்டிமீட்டர் துண்டு என்ன செய்துவிடும்?

ஒரு சென்டிமீட்டர் அலுமினிய உருண்டையின் எடை 1.4 கிராம். வினாடிக்கு 10 கி.மீ. வேகத்தில் வந்தால் அதன் சக்தி, ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 43 கி.மீ. வேகத்தில் வந்து முட்டுவதற்குச் சமம். ஒரு வித்தியாசம், கார் முன்பக்கம் முழுவதும் முட்டும், இது ஒரே புள்ளியில்.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஒரு சென்டிமீட்டருக்கு மேலான துண்டுகள் 12 லட்சம். ரேடாரில் பார்த்துப் பட்டியல் போட்டிருப்பது ஏறத்தாழ 40,000 பொருள்கள்தான். மற்றவை இருப்பது தெரியும், இருக்கும் இடம் தெரியாது. விண்வெளி நிலையத்தின் இயந்திரக் கையில் 2021-இல் ஒரு துளையைக் கண்டுபிடித்தார்கள். எது துளைத்தது என்று யாருக்கும் தெரியாது.

இவ்வளவு குப்பை எங்கிருந்து வந்தது?

மோதலைவிட வெடிப்பால்தான் அதிகம். மிச்ச எரிபொருளோடு விட்டுவந்த ராக்கெட் பாகங்கள், பேட்டரிகள். நாமும் யோக்கியர் இல்லை. 2001-இல் பறந்த பிஎஸ்எல்வி-சி3 ராக்கெட்டின் கடைசிப் பாகம் டிசம்பர் 19 அன்று வெடித்து 300க்கும் மேற்பட்ட துண்டுகளாயிற்று. அதற்கப்புறம் மிச்ச எரிபொருளை வெளியேற்றிவிட்டு விடும் பழக்கம் வந்தது.

அப்புறம் வேண்டுமென்றே உடைத்தவை. 2007 ஜனவரி 11-இல் சீனா தன் பழைய வானிலைச் சாட்டிலைட் ஃபெங்யுன்-1சியை 860 கி.மீ. சொச்சத்தில் ஏவுகணையால் அடித்தது. பின்தொடரக்கூடிய துண்டுகள் மட்டும் 3,000க்கு மேல். 2019 மார்ச் 27-இல் இந்தியா மைக்ரோசாட்-ஆர் சாட்டிலைட்டை அடித்தது. அது 300 கி.மீ.க்கும் கீழே என்பதால் பெரும்பாலானவை சீக்கிரம் விழுந்தன. சில துண்டுகள் எகிறி விண்வெளி நிலையத்தின் உயரத்துக்கு மேலேயும் போயின. 2021 நவம்பர் 15-இல் ரஷ்யா தன் பழைய சாட்டிலைட் காஸ்மோஸ் 1408-ஐ அடித்தது. விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள், அவர்களில் ரஷ்யர்களும் உண்டு, அவசரமாகத் தங்கள் கலங்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். யார் செய்தாலும் தெருவில் பாட்டில் உடைக்கிற வேலைதான். நம் வீட்டுப் பையன் ஓரமாக உடைத்தான் என்பதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

குப்பை தானாகவே கீழே விழுந்துவிடாதா?

உயரத்தைப் பொறுத்தது. 400 கி.மீ.யில் துளி காற்று இருக்கிறது, அது தடவித் தடவி ஒன்றிரண்டு வருஷத்தில் இறக்கிவிடும். 800 கி.மீ.யில் பல பத்தாண்டு முதல் நூற்றாண்டுகள். 1,000 கி.மீ.க்கு மேல் என்றால் நம் பேரன் பேத்திகளுக்கும் அப்பால்.

இதில் சூரியனுக்கும் பங்கு உண்டு. கொடைக்கானல் மலையில் 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகத்தை டூர் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே நூறு வருஷத்துக்கும் மேலாகச் சூரியனின் கரும்புள்ளிகளைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். சூரியன் 11 வருஷத்துக்கு ஒரு முறை கொந்தளிக்கும்போது பூமியின் மேல் காற்று சூடாகி உப்பும். குப்பை சீக்கிரம் விழும், நல்லது. ஆனால் எல்லாப் பாதையும் ஒரே ராத்திரியில் குழம்பும். முன்பு சொன்ன முட்டைப் பெட்டிகள் பெருத்துவிடும். 2022 பிப்ரவரியில் அப்படி ஒரு புயலில், அப்போதுதான் ஏவிய 49 ஸ்டார்லிங்க்குகளில் 40 வரை காற்றில் சிக்கித் திரும்பி விழுந்தன.

விழுகிற வேகத்தைவிட உடைகிற வேகம் கூடினால், துண்டு சாட்டிலைட்டை உடைத்து, அந்தத் துண்டுகள் அடுத்ததை உடைத்து, ஏவுவதை அடியோடு நிறுத்தினாலும் குப்பை பெருகிக்கொண்டே போகும். 1978-இலேயே டொனால்ட் கெஸ்லர் என்ற நாசா விஞ்ஞானி, கூர்-பாலே என்பவரோடு சேர்ந்து இதை எழுதினார். சினிமாவில் ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் நொறுங்குவது போலக் காட்டுவார்கள். நிஜத்தில் அது பல பத்தாண்டு எடுக்கும் வேலை, கிணற்றில் தண்ணீர் மட்டம் இறங்குவது மாதிரி.

டிவி சாட்டிலைட் பக்கம் ஆபத்தே இல்லையா?

குறைவு. அங்கே எல்லோரும் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஒரே திசையில், ஒரே வேகத்தில் போகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த உயரத்தில் ஒரு டிகிரி என்பது 700 கி.மீ.க்கு மேல். இந்தியா ஒரே இடத்தில் ரெண்டு மூன்று சாட்டிலைட்டுகளை நிறுத்திக்கூட வைத்திருக்கிறது, ஒன்றை ஒன்று முட்டாமல்.

வம்பு வயதானவற்றால் வரும். எரிபொருள் தீர்ந்தால் சூரியனும் நிலாவும் இழுத்து, பாதை மெல்லச் சாய்ந்து 15 டிகிரி வரை போகும். அப்போது அது தினமும் ரெண்டு தடவை மற்றவர்களின் வரிசையைக் குறுக்கே கடக்கும். சாத்துக்குடிக் கதை அங்கேயும் ஆரம்பமாகிவிடுகிறது, வேகம் மட்டும் குறைவு. அதனால் வேலை முடியும்போது மிச்ச எரிபொருளால் ஏறத்தாழ 300 கி.மீ. மேலே தூக்கி, சுடுகாட்டுப் பாதை என்று ஒன்றில் விட்டுவிடுவது வழக்கம். நான் தொழிலுக்கு வந்த புதிதில் எத்தனையோ டிஷ்களை இன்சாட்-4பி பக்கம் திருப்பி முறுக்கியிருக்கிறேன். 2007 மார்ச்சில் போனது. 2022 ஜனவரியில் பதினோரு தடவை தட்டித் தட்டி 340 கி.மீ. மேலே ஏற்றி அணைத்துவிட்டார்கள். செய்தி படித்த அன்று ஆனையூரில் ஒரு மாடியில் இருந்தேன். பழைய கஸ்டமர் காலமான செய்தி மாதிரி இருந்தது.

எல்லாமும் இப்படி மரியாதையாகப் போவதில்லை. கேலக்ஸி 15 என்ற சாட்டிலைட் 2010 ஏப்ரலில் கட்டளை கேட்பதை நிறுத்தியது. ஆனால் ஒலிபரப்பை நிறுத்தாமல் மற்றவர்கள் இடங்கள் வழியாக எட்டு மாதம் மிதந்து போனது. 2024 அக்டோபர் 19-இல் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே நின்ற இன்டெல்சாட் 33இ திடீரென்று துண்டு துண்டானது. அந்த உயரத்தில் காற்று இல்லை. அந்தத் துண்டுகள் விழாது.

நம் வீட்டு மேல் விழுமா?

1979 ஜூலை 11-இல் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையம் விழுந்தபோது ஊரே பயந்த கதையைப் பெரியவர்கள் சொல்வார்கள். அது கடைசியில் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்தது. மதுரை ஏறத்தாழ 10 டிகிரி வடக்கில் இருக்கிறது, பாதையின் சாய்வு அதற்கு மேல் உள்ள எதுவும் என்றாவது நம் தலைக்கு மேலே வரும். ஆனால் பெரும்பகுதி எரிந்துவிடும், பூமியில் பெரும்பகுதி கடல். 2024 மார்ச்சில் விண்வெளி நிலையத்தின் பழைய பேட்டரித் தட்டில் ஒரு துண்டு, அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் ஒரு வீட்டின் கூரையைத் துளைத்தது, அதுவும் உண்மை. 1972 ஒப்பந்தப்படி தரையில் சேதம் வந்தால் ஏவிய நாடு கொடுத்தே ஆக வேண்டும். மேலே மோதினால் மட்டும் யார் மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டும். அது லேசில்லை.

உங்கள் மாடிக்கு நிஜ ஆபத்து காற்றடி காலத்தில் சரியாக முறுக்காத டிஷ்.

குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளம் வந்தால் நமக்கு மேலே நெரிசல் கூடுமா?

நமக்கு மேலே இல்லை. தசராவுக்குப் போகும் அதே குலசைப் பக்கம்தான், 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைய வேண்டும், குலசையிலிருந்து நேராகக் கடலுக்கு மேலே போகலாம். சின்ன ராக்கெட்டுகளுக்கு அந்த எரிபொருள் மிச்சம் பெரிய விஷயம். அப்படிப் போகிறவை துருவப் பாதைக்குப் போகின்றன. அந்தப் பாதைகளெல்லாம் துருவம் பக்கம்தான் நெருங்கி வெட்டிக்கொள்ளும். 2009 மோதலும் வடக்கே ரொம்பத் தள்ளித்தான். நிலநடுக்கோட்டுப் பக்கம் இருக்கிற மதுரைக்கு மேலே அவை பரந்து கிடக்கும்.

மேலே போய்ப் பெருக்கி எடுத்துவிட முடியாதா?

முயற்சி நடக்கிறது. 2024-இல் ஜப்பானின் அட்ராஸ்-ஜே கலம், செத்துக் கிடந்த ஒரு ஜப்பானிய ராக்கெட் பாகத்துக்கு 15 மீட்டர் வரை பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. பிடிக்கவில்லை, பார்த்தது மட்டும். 2025 ஜனவரி 16-இல் இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் கலங்கள் ரெண்டும் மெதுவாக நெருங்கிக் கோத்துக்கொண்டன. ஆனால் அவை இரண்டும் ஒத்துழைத்தவை. கரணம் அடித்துக்கொண்டு வரும் செத்த ராக்கெட்டைப் பிடிப்பது, வாடிவாசலில் வரும் காளையின் திமிலைப் பிடிக்கிற கதை. தவறினால் பிடிக்கப் போனதும் சேர்ந்து குப்பையாகும்.

மதுரையில் இவற்றை எங்கிருந்து பார்க்கலாம்?

பொழுது சாய்ந்து ஒரு மணி நேரத்துக்குள், அல்லது விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்னால். கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரம் நன்றாக இருக்கும். அழகர்மலைப் பக்கமும் போகலாம். ஊருக்குள் என்றால் தெருவிளக்கு நேரே அடிக்காத மொட்டை மாடி போதும், பாயை விரித்துப் படுத்துவிடுங்கள்.

சீராக வந்து நடு வானத்தில் சட்டென்று அணைந்தால், அது மோதவில்லை, பூமியின் நிழலுக்குள் போய்விட்டது. மின்னி மின்னி, ஒரு கணம் பிரகாசமாக, ஒரு கணம் மங்கலாகப் போவதும் ஒன்றிரண்டு தட்டுப்படும். ஓரத்தில் சிவப்பு விளக்கு இல்லாவிட்டால் அது விமானம் இல்லை. பெரும்பாலும் கரணம் அடித்துக்கொண்டு போகும் பழைய ராக்கெட் பாகம். யாரும் ஓட்டாத வண்டி அது.